டோர்செட் பார்க்கிலிருந்து மல்வேர்னுக்குப் பதினேழு விண்ணப்பங்களோடு

இந்தப் பக்கத்தை வாசிக்கிற ஒரு தம்பி போன கிழமை எழுதிக் கேட்டிருந்தார்: "அண்ணை, ஸ்பெயினுக்கும் போனியள், பெருவுக்கும் போனியள். போனதுகளுக்குள்ளை உங்களை ஆகக் கூட ஆய்க்கினைப்படுத்தின பயணம் எது?"

யோசிக்கவே தேவையில்லை. 1987 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை டோர்செட் பார்க்கிலிருந்து மல்வேர்னுக்குப் போன பயணம். இரண்டும் ஸ்காபரோவுக்குள்ளேதான் இருக்கின்றன. இடையில் ஒரு பத்துக் கிலோமீற்றர், காரில் போனால் இருபது நிமிடம். எனக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. போய்ச் சேர்ந்த பிறகும் போன அலுவல் முடியவில்லை. இப்போது நினைத்தாலும் பத்திக்கொண்டு வருகிறது.

ஏன் போனேன் என்று முதலில் சொல்கிறேன். என் மனைவி மெற்றில்டா மன்னார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருசம் நேர்சாக இருந்தவ. இங்கே வந்து, போத்தல் மூடி செய்கிற ஒரு பக்டரியில் இரவு வேலை. பதினொன்றிலிருந்து காலை ஏழு வரைக்கும் மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடவேண்டும். "அங்கை வாட்டிலை ஆக்களின்ரை நாடித்துடிப்பை எண்ணினன், இஞ்சை மூடியை எண்ணுறன்" என்று ஒருநாள் சொன்னா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துக் கொலிஜ் ஒன்று (பெயர் வேண்டாம், ஆக்கள் நல்ல ஆக்கள்தான்) புதிதாக ஒரு திட்டம் தொடங்கியது. சனங்கள் கொலிஜுக்கு வராவிட்டால் கொலிஜ் சனங்களிடம் போகுமாம். முதியோர் இல்லங்களில் ஆக்களைப் பராமரிக்கிற வேலைக்கு ஒரு வகுப்பு. இருபது கிழமை, செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஆறரையிலிருந்து ஒன்பது வரை, எங்கள் அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்திலேயே. வகுப்பு முடிந்து லிஃப்டில் ஏறி வந்து, சாப்பிட்டுவிட்டு, மெற்றில்டா பதினொன்றுக்கு பக்டரியில் நிற்கலாம். கொலிஜின் பெரிய வளாகத்துக்குப் போவதென்றால் மூன்று பஸ், ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம். பின்னேர வகுப்பு முடிந்து அங்கிருந்து வேலைக்குப் போய்ச்சேர ஏலாது. ஆகவே எங்கள் கட்டடத்தில் அந்த வகுப்பு நடந்தால்தான் அவவுக்கு வழி. ஒரே ஒரு நிபந்தனை: பதினைந்து பேராவது சேரவேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் லிஃப்டுக்குள் ஒரு ஆளிடம் "நாளைக்கு எனக்கு லீவு, மெற்றில்டாவின்ரை விண்ணப்பப் போமைக் கொண்டுபோய்க் குடுக்கப்போறன்" என்று வாய்தவறிச் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை. அரை மணித்தியாலத்தில் கதவு தட்டத் தொடங்கிவிட்டார்கள். "ஜெயம் அண்ணை, போறனீங்கள்தானே, என்ரையையும் ஒருக்காக் குடுத்துவிடுங்கோவன்." எங்கடை ஆக்களுக்கு இது பிறவியோடு வந்த வழக்கம். ஒருத்தன் அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாகப் போகிறான் என்றால் ஒழுங்கை முழுக்க அவன் கையில் கடதாசி கொடுத்துவிடும். படுக்கப் போகமுன்னம் என்னிடம் பதினேழு விண்ணப்பம் இருந்தது. மெற்றில்டாவுடையதும் அதற்குள் அடக்கம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டேன். ஒன்றில் ஊறுகாய் எண்ணெய் பட்டிருந்தது. ஆருடையது என்று இப்போதும் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

இரவு வேலைக்கு வெளிக்கிடும்போது மெற்றில்டா பையைப் பார்த்துவிட்டு, "கடுதாசியைக் காவாமல் ஆக்களையல்லே கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றா. "உமக்கு ஒண்டும் தெரியாது, பேசாமல் போம்" என்றேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பயணம். காலை 9.40க்கு பதினாலாம் மாடியிலிருந்து இறங்கினேன். மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்குப் பதிவு என்றுதான் நோட்டீஸில் இருந்தது. கதவு பூட்டு. கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: டோர்செட் பார்க் வகுப்புக்கான பதிவு, இன்று ஒரு மணி முதல் நான்கு மணி வரை, மல்வேர்னில். சரியாக வாசித்தேனா என்று இரண்டாந்தரமும் வாசித்தேன். எங்கள் வாசலுக்கு வருகிற வகுப்பு. அதில் பெயர் பதிய நாங்கள் பத்துக் கிலோமீற்றர் போகவேணுமாம். விசர் பிடிச்சவங்கள்!

கட்டடம் பார்க்கிற சுப்பர், போலந்துக்காரர், தும்புத்தடியோடு வந்தார். "போன செவ்வாய்க்கிழமை வந்தவை," என்றார். "மூண்டு மேசை போட்டு, ஒரு அண்டா கோப்பி வைச்சுக்கொண்டு நாள் முழுக்க இருந்தவை. ஒரு குருவியும் வரேல்லை. மிச்ச பிஸ்கற்றை நான்தான் சாப்பிட்டனான்."

ஏன் ஒருவரும் வரவில்லை? எனக்குத் தெரியும், நானும் போகவில்லையே. பகலில் பாதிப் பேர் வேலையில், பாதிப் பேர் நித்திரையில். மிச்ச ஆக்கள், ஆராவது ஒருத்தர் முதலில் போய் என்ன ஏது என்று பார்த்துவந்து சொல்லட்டும் என்று இருந்தோம். முழுக் கட்டடமும் அந்த ஒருத்தருக்காகக் காத்திருந்தது.

கென்னடி வீதி பஸ் தரிப்பில் 10.15க்கு நின்றேன். குளிர் மைனஸ் பதினாலு. பஸ் 10.41க்கு வந்தது. கட்டணம் ஒரு டொலர் ஐந்து சதம், மாறி ஏறுவதற்கான துண்டு இலவசம். மல்வேர்ன் எங்களுக்கு வடகிழக்கே இருக்கிறது. அங்கே போக முதலில் தெற்கே கென்னடி ஸ்ரேஷனுக்கு நாலு கிலோமீற்றர் போகவேண்டும். பிறகு அந்தச் சின்ன ரெயினில் ஏறித் திரும்ப வடக்கே வந்து, ஸ்காபரோ சென்ரரில் இறங்கி, மல்வேர்ன் பஸ் எடுக்கவேண்டும். ரெயினில் வரும்போது கண்ணாடிக்குள்ளால் தூரத்தில் எங்கள் கட்டடம் தெரிந்தது. புறப்பட்டு ஒன்றரை மணித்தியாலம், திரும்பவும் வீட்டு வாசலுக்குக் கிட்ட நிற்கிறேன்.

ஸ்காபரோ சென்ரரில் கால் விறைத்துப்போய், ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவம் என்று கடைத்தொகுதிக்குள் போனேன். கோப்பி அறுபது சதம். இருபது நிமிடம் சூடாக இருந்தேன். திரும்பி வந்து துண்டை நீட்ட, ட்ரைவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இடையில் இறங்கிக் கடைக்குப் போக இது செல்லாது, ஐயா" என்றார். "எனக்குக் கால் விறைச்சுப்போச்சு" என்றேன். "எனக்கும்தான்" என்றார். திரும்ப ஒரு டொலர் ஐந்து சதம். ஆக அந்தக் கோப்பியின் விலை ஒரு டொலர் அறுபத்தைந்து.

மல்வேர்னில் ஒரு தரிப்பு முந்தி இறங்கிவிட்டேன். அங்கே வரிசை வீடுகளைக் கட்டினவன் ஒரே ஒரு வீட்டைக் கட்டிவிட்டு அதையே முந்நூறு தரம் திரும்பக் கட்டியிருக்கிறான். ஒரே கதவு, ஒரே படி, ஒரே பழுப்பு நிறம். இருபத்தைந்து நிமிடம் பனிக்குள் சுற்றினேன். மட்டக்களப்புக்கார அன்ரி ஒருவர் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தா. "அந்தா, உங்களுக்குப் பின்னாலதானே இருக்கு" என்று காட்டினா. உள்ளே போகும்போது மணி 1.10. எனக்கு முன்னால் வரிசையில் பதினொரு பேர். என் முறை வரும்போது 2.15.

பதிவு மேசையில் இருந்தவ டொனா. நாற்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி, குரலில் களைப்பு. அவவுக்குப் பின்னால் சுவரில் ஸ்காபரோ வரைபடம் ஒன்று. கொலிஜ் போன இடத்தில் எல்லாம் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. நான் பையிலிருந்து பதினேழையும் எடுத்து, தட்டி நேராக்கி, மேசையில் வைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை, மறைப்பானேன்.

"ஆக்கள் எங்கே?" என்று கேட்டா.

"வேலையில். நான் கொண்டுவந்திருக்கிறேன்."

"ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்து வைத்து, இருபது நிமிடம் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டவேண்டும். என்னால் கடதாசியைச் சேர்க்க முடியாது, ஆக்களைத்தான் சேர்க்கலாம்." பிறகு மெல்லமாக, "அவர்களுக்கு உண்மையாகவே விருப்பம் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றா.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த ஆங்கிலம் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. நாலு பக்கப் போம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் அகராதி பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். விருப்பமில்லாதவன் இதைச் செய்வானா? நீங்கள் செவ்வாய்க்கிழமை பகல் பத்து மணிக்கு வந்து கோப்பி வைத்தால் ஆர் வருவான், பிஸ்கற் சாப்பிடச் சுப்பர்தான் வருவார். டோர்செட் பார்க் சனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னேரம் ஐந்து மணிக்கு லிஃப்டுக்கு முன்னால் நில்லுங்கோ. பகல் வேலைக்காரர் எல்லாம் அப்போதுதான் வருவார்கள்.

அவவுக்கும் கோபம் வந்தது. "அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு மணித்தியாலம் வெறும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். டோர்செட் பார்க்கில் ஒருவருக்கும் அக்கறை இல்லை என்று என் மேலதிகாரி முடிவெடுத்துவிட்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் பதினைந்து பெயர் சொல்லாவிட்டால் அந்தக் குண்டூசியைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று சுவரைக் காட்டினா. பிறகு என் கடதாசிக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தா. ஊறுகாய் எண்ணெயையும் பார்த்தா.

"ஐந்து மணிக்கா?" என்று கேட்டா.

4.05க்கு அவவின் காரில் ஏறினேன். பத்துக் கிலோமீற்றர், பனியும் நெரிசலும் சேர்ந்து நாற்பத்தைந்து நிமிடம், செலவு பூச்சியம். டோர்செட் பார்க்குக்கு ஒரு கொலிஜையே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தேன். ஆக்கள் வந்து மொய்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். என்ன விசர் நினைப்பு!

கட்டட வாசலில் நான் நின்றேன். பக்கத்தில் டொனா, நீளக் கோட்டும் கையில் அட்டையும் பேனையுமாக. அவவுக்குப் பக்கத்தில் சுப்பர், சும்மா விடுப்புப் பார்க்க. ஐந்து மணிக்கு எங்கடை ஆக்கள் வேலையால் வரத் தொடங்கினார்கள். கதவைத் திறந்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், அப்படியே முகம் மாறிப் படிக்கட்டுப் பக்கம் நழுவினார்கள். பத்தாம் மாடிக்காரர் எல்லாம் அன்றைக்கு நடந்து ஏறினார்கள்.

சிவபாலன் வந்தார். முதல்நாள் இரவு என் வீட்டில் தேத்தண்ணி குடித்து, போமைத் தந்து, "மறந்திடாதேங்கோ அண்ணை" என்று மூன்று தரம் சொன்ன அதே சிவபாலன். டொனா கடதாசியைப் பார்த்து, "மிஸ்டர் சிவபாலன்?" என்றா.

"நோ," என்றார் அவர். "ஹி கோன். மொன்றியல்."

"டேய், நீ தானேடா!" என்று கத்திவிட்டேன். அவர் என் காதுக்குள் வந்து, "அண்ணை, உங்களுக்கு விசரே? ஆர் உவ? எண்ணிப் பாக்க வந்தவவே?" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. டொனாவின் கையில் இருந்த பதினேழு விண்ணப்பத்தில் ஆறு ஒரே இலக்கத்து வீட்டிலிருந்து. இரண்டு அறை வீடு அது, வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது இரண்டே பெயர். பேனையும் அட்டையுமாக ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் சுப்பர், நடுவில் வழிகாட்ட நான். வீட்டில் எத்தனை பேர் என்று எண்ண வந்திருக்கிறா, காட்டிக்கொடுத்தது ஜெயம் அண்ணை என்று ஐந்து நிமிடத்தில் மேல்மாடி வரைக்கும் கதை போய்விட்டது. மூன்றரை மணித்தியாலம் குளிருக்குள் அலைந்தவனுக்குக் கிடைத்த பட்டம் இது!

டொனா ஐந்து முப்பதுக்கு மணிக்கூட்டைப் பார்த்தா. பெயர்கள் பூச்சியம். "நான் இனிப் போகவேணும்" என்றா. நல்ல மனிசி, குற்றம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கூட வலித்தது.

லிஃப்ட் திறந்தது. மெற்றில்டா. நித்திரையால் எழும்பின தலை, வீட்டுச் சட்டைக்கு மேல் என் குளிர் கோட், காலில் செருப்பு. கதை பதினாலாம் மாடிக்கும் எட்டியிருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். நேரே சுப்பரிடம் போய், "திறப்பைத் தாருங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்டா. மண்டபத் திறப்பு முழு நாளும் அந்த மனுசனின் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கவேயில்லை! மெற்றில்டா கதவை அகலத் திறந்து, வெளிச்சம் போட்டு, வாசலுக்கு நேரே ஒரு மேசையை இழுத்து, கதிரையில் இருந்து, டொனாவிடம் கடதாசி வாங்கி எழுதத் தொடங்கினா. நாலு பேர் பார்க்க, செருப்புக் காலோடு.

சிவபாலன் எட்டிப் பார்த்தார். மெற்றில்டா தலை நிமிராமல், "சிவபாலன், மொன்றியலாலை வந்திட்டீரே? வந்து இரும்" என்றா.

வந்து இருந்தார். சுப்பர் அந்த ஆறு பேர் வீட்டு ஆளைப் பார்த்து, "உங்கடை வீட்டு எண்ணிக்கை எனக்கு எப்பவோ தெரியும். குப்பை வருகுதே" என்று சொல்லிவிட்டு இன்னொரு மேசையைத் தூக்கிவந்தார். அதற்குப் பிறகு படிக்கட்டால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏழு மணிக்கு, பின்னேர வேலைக்குப் போன இரண்டு பேரைத் தவிர எல்லாரும் எழுதி முடித்திருந்தார்கள். பதினைந்து. சரியாகப் பதினைந்து. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன்.

டொனா, ஆக்கள் எழுதினதுகளைத் திருத்தத் தொடங்கினா. மெற்றில்டாவின் தாளில் வந்து நின்றா. இரண்டு தரம் வாசித்தா.

"நீங்கள் நேர்சா?"

"ஒன்பது வருசம்."

"உங்களை இந்த வகுப்பில் சேர்க்க எனக்கு மனம் வராது," என்றா டொனா. "வெளிநாட்டு நேர்ஸ்மாருக்குப் பெரிய வளாகத்தில் ஒரு படிப்பு இருக்கிறது. பகலில், எட்டு மாதம். முடித்துப் பரீட்சை எழுதினால் இங்கேயும் நேர்ஸ்தான். இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் நோட்டீஸில் அது இருக்கவில்லை. அது வளாகத்துச் சுவரில்தான் ஒட்டியிருந்ததாம். அந்தச் சுவரை நாங்கள் எங்கே கண்டோம்!

மெற்றில்டா கேட்ட முதல் கேள்வி, "என்ரை பேரை வெட்டினால் பதினாலுதானே? மற்றவைக்கு வகுப்பு நடக்காதே?"

டொனா என்னைப் பார்த்தா. சிவபாலன் என்னைப் பார்த்தார். சுப்பரும் பார்த்தார். பைக்குள் ஒரு வெறும் போம் மிச்சமிருந்தது. "எனக்கு உந்த வேலையிலை ஒரு விருப்பமும் இல்லை" என்றேன். "நான் செக்குரிற்றிக்காரன்." மெற்றில்டா தன் பேனையை என் பக்கம் தள்ளிவிட்டா. 7.20க்கு நான் எழுதத் தொடங்கினேன்.

அந்த வகுப்பு நடந்தது. குண்டூசி பிடுங்கப்படவில்லை. எந்த ஆளுக்காகத் தொடங்கினோமோ அந்த ஆளின் வாசலுக்குக் கொலிஜ் வரவேயில்லை. அவ இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு பக்டரி வாசலில் பஸ் ஏறி, மூன்று பஸ் மாறி, ஒன்பது மணி வகுப்புக்குப் போனா. பின்னேரம் வந்து படுத்தா. எட்டு மாதம் அப்படி. வாசலில் வகுப்புக் கிடைத்தது எனக்கு, ஆள் படுத்திருக்கவே படுக்கை விரிப்பு மாற்றுவது எப்படி என்று.

இப்படியான பயணம் போகிற ஆக்களுக்குச் சில விசயம். விண்ணப்பத்தை அவரவர் கொண்டுபோங்கோ, நல்ல மனம் என்று நினைத்து மற்றவர்களுடையதைக் காவாதேங்கோ. இந்தப் படிப்பு மட்டும்தானா, வேறு இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேளுங்கோ. கோப்பியை வீட்டிலிருந்து கொண்டுபோங்கோ. பூட்டின கதவைக் கண்டால் திறப்பு ஆரிடம் என்று கேளுங்கோ. மெற்றில்டா சொல்வதை முதல்நாளே கேளுங்கோ. உங்கள் வீட்டிலும் ஒரு மெற்றில்டா இருப்பா.

போன மாரியில் அவ பனியில் சறுக்கி இடுப்பு எலும்பு உடைந்து மூன்று மாதம் கட்டிலில் இருந்தா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தோளில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை, இழுக்கக்கூடாது, உருட்டவேண்டும். அந்த மண்டபத்தில் சிவபாலனைக் கட்டிலில் கிடத்தி வைத்துப் பழகினது. ஒரு நாளும் அவவுக்கு நோகவில்லை, படுக்கைப்புண் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் விரிப்பு மாற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தா.

"மூலை மடிச்சது சரியில்லை," என்றா. "கழட்டிப்போட்டுத் திரும்ப மடியுங்கோ."

திரும்ப மடித்தேன்.